காது தொட்ட வயது

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

கல்லறைத் திருநாள் வருகிறது. பாலக்கரையில் எல்லோரும் மெழுகுவத்தியும் மாலையும் வாங்குகிறார்கள். நான் கோடு போட்ட தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. பங்குச் சாமியாரிடம் கொடுத்துக் கோவில் பத்திரிகையில் போடச் சொல்லப் போகிறேன். உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும்தான். நம் வீட்டு விஷயத்தை ஏன் நாலு பேர் காதில் விழச் சொல்கிறேன் என்பது முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

முதலில் உங்கள் மகள் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டது. சில்லுக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு புடைப்பு. எத்தனை நாளாக வலித்ததோ தெரியாது, வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டபோது அவள் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்தியில்லாத பெண்ணா அவள்? அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அண்ணியும் நானும் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் அந்தப் புடைப்பைப் பெருவிரலால் அழுத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எத்தனை வயசு?" என்றார்.

"பதினைஞ்சு" என்றார் அண்ணி. அதே நொடியில் "பதிமூணு" என்றேன் நான்.

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே பொண்ணைத்தானே கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

அண்ணி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். டாக்டர் விடவில்லை. "வயசு சரியாச் சொன்னாத்தான் நான் சரியாச் சொல்ல முடியும். எனக்குப் பார்த்தா பதிமூணு மாதிரித்தான் தெரியுது. எலும்பு இன்னும் முத்தல. முத்தாத எலும்பை தசை பிடிச்சு இழுக்குது. தினம் எத்தனை சுத்து ஓடுற பாப்பா?"

"பெரிய பிள்ளைங்க எத்தனை ஓடுவாங்களோ அத்தனை. அதுக்கு மேல ரெண்டு."

"அந்த ரெண்டு யாரு சொல்லி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பதில் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார் டாக்டர். இப்படியே ஓடினால் எலும்பின் நுனி பிய்ந்து வந்துவிடும், பிறகு ஓட்டத்தைப் பற்றிக் கவலையே இருக்காது, மாடிப்படி ஏறுவதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கும் என்றார்.

அண்ணே, அந்த ஜூன் மாதத்துக் காலை நினைவிருக்கிறதா? அண்ணி டைபாய்டு காய்ச்சலில் கிடந்தார். எனக்கு என் வீட்டுப் பாடு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஸ்டெல்லாவுக்கு அப்போது மூன்று முடிந்து சில மாதம். வயதுக்கு மீறிய உயரம். 'ஸ்கூல்ல சேர்த்துட்டா என் கண்ணு முன்னால இருப்பா' என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

பள்ளிக்கூடத்தில் யார் பிறந்த தேதி கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. ஸ்டெல்லாவின் விரல் காதுக்கு ஒரு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. நீங்கள் அவள் தலையை லேசாகச் சாய்த்தீர்கள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தேன். விரல் காதில் பட்டது.

"டிரில் மாஸ்டர் பொண்ணு இல்லையா, கை நீளமாத்தான் இருக்கும்" என்று ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே ரிஜிஸ்டரில் எழுதினார். நாமும் சிரித்தோம். வழியில் அவளுக்குப் பொரிகடலை வாங்கிக் கொடுத்தோம்.

ஊருக்கு நீங்கள் டிரில் மாஸ்டர். பிள்ளைகளின் ஓட்டம் எந்த வயதில் எப்படி வளர்கிறது, எந்த வயதில் எவ்வளவு பயிற்சி தாங்கும் என்று பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சிக்காக மூன்று வருஷம் அளந்து எழுதியவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். வாரநாளில் இங்கே பாலக்கரைப் பள்ளிக்கூடத்தில் அளப்பீர்கள். சனிக்கிழமையானால் அளவு நாடாவையும் ஸ்டாப் வாட்சையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவீர்கள். வியர்வையில் நனைந்த காகிதங்களோடு திரும்பி வருவீர்கள். அதையெல்லாம் நோட்டில் சுத்தமாகப் பிரதி எடுப்பது என் வேலை.

ஐந்தாவதோடு நின்றவள் நான். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை, அவ்வளவுதான். சராசரி எடுப்பதை உங்கள் புத்தகத்தைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். புளியங்கொட்டைகளைக் குவித்துப் பிரித்துச் சரிபார்த்தேன். நீங்கள் எனக்குப் போட்டது ஒரே ஒரு சட்டம். "தப்பா எழுதிட்டா அழிக்காத ஆரோக்கியம். மேல ஒரு கோடு போடு, பக்கத்துல சரியா எழுது. தப்பு எதுன்னும் தெரியணும்."

பெயர், வயது, உயரம், கை நீளம், ஓடிய நேரம், கடைசியில் உங்கள் குறிப்பு. ஸ்டெல்லா பெயருக்கு நேரே நீங்கள் எழுதியிருந்த குறிப்பு இரண்டே வார்த்தை. உழைப்பு போதாது. பதினைந்து வயதுப் பெண்களின் நேரத்தோடு ஒப்பிட்டால் அவள் பின்தங்கித்தான் இருந்தாள். சொந்த மகள் என்று நீங்கள் சலுகை காட்டவில்லை. இரண்டு சுற்றைக் கூட்டினீர்கள். அந்த வரியை நோட்டில் பிரதி எடுத்தது இந்தக் கைதான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்த அதே கை. எழுதும்போது ஏன் எனக்கு உறைக்கவில்லை?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கேட்டேன். "ஏண்டி இத்தனை நாளா மறைச்ச?"

"அப்பா என்னைப் பத்தி நோட்டுல எழுதினதைப் படிச்சேன் அத்தை."

"அதுக்கு?"

"மாத்தி எழுத அவரு இல்லையே. நான்தான் ஓடி மாத்தணும்."



இதற்கு நடுவில்தான் பேராசிரியரின் கடிதம் வந்திருந்தது. வருகிற வியாழக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து நோட்டுகளை வாங்கிக்கொள்வதாகவும், உங்கள் பெயரைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடப் போவதாகவும் எழுதியிருந்தார். அண்ணி அதைத் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். தினமும் எடுத்துப் படிப்பார். அதே கடிதத்தின் கீழே இன்னொரு வரியும் இருந்தது. உங்கள் பட்டியலில் பதினைந்து வயது என்று உள்ள பிள்ளைகள் அனைவருக்கும் வரும் மாதத்திலிருந்து பயிற்சியை இரட்டிப்பாக்கிப் பார்க்கப் போகிறாராம். அண்ணி முதல் வரியைப் படித்தார். நான் இரண்டாவதைப் படித்தேன்.

வியாழனுக்கு மூன்றே நாள் இருந்தது. நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வயதுக்குத் தகுந்த ஓட்டம் இல்லை என்று நீங்கள் குறித்திருந்த பிள்ளைகளை ஒரு பக்கம் எழுதினேன். வயதுக்கு மீறி ஓடுகிறார்கள் என்று வியந்திருந்த பிள்ளைகளை இன்னொரு பக்கம். பிறகு கை நீளம் எழுதிய கட்டத்தைப் பார்த்தேன். உடம்புக்குக் கை நீண்டவர்கள் எல்லாம் முதல் பக்கத்தில் இருந்தார்கள். கை குட்டையானவர்கள் எல்லாம் இரண்டாவது பக்கத்தில்.

கை நீண்ட பிள்ளைகள் எல்லாம் சோம்பேறிகளா அண்ணே? கை குட்டையானவர்கள் எல்லாம் அதிசயங்களா? நீண்ட கை சீக்கிரம் காதைத் தொட்டது. குட்டைக் கை இரண்டு வருஷம் காத்திருந்தது. நீங்கள் உயரத்தை அளந்தீர்கள், கை நீளத்தை அளந்தீர்கள், நொடியை அளந்தீர்கள். வயதை மட்டும் பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டீர்கள். அந்த ரிஜிஸ்டரில் வயது எப்படி ஏறியது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

சந்தேகத்தை வைத்துக்கொண்டு பேசக்கூடாது என்று பங்குச் சாமியாரிடம் போய் ஞானஸ்நான ரிஜிஸ்டரைக் காட்டச் சொன்னேன்.

"என்ன ஆரோக்கியம், யாருக்குக் கல்யாணம் பேசுறீங்க?"

"கல்யாணம் இல்ல சாமி. ஓட்டம்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். நம் பங்குப் பிள்ளைகளின் பிறந்த நாளை ஒவ்வொன்றாகப் பார்த்து வேறொரு நோட்டில் எழுதினேன். ஸ்டெல்லாவோடு பதினைந்து என்று இருந்தவர்களில் பல பேருக்குப் பதினாலுகூட நிறையவில்லை. எத்தனை முழங்கால்கள்?

மறுநாள் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். வரதன் என்று ஒரு பையனை நீங்கள் கொண்டாடுவீர்களே, பன்னிரண்டு வயதில் இப்படி ஓடும் பிள்ளையை நான் பார்த்ததில்லை என்று, அவன் வீட்டைத் தேடிப் போனேன். அவன் அம்மா வாசலில் நின்ற என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"எங்காத்துப் பிள்ளைக்கு ரெண்டு வயசு உண்டு. ஸ்கூலுக்கு ஒண்ணு, பெருமாளுக்கு ஒண்ணு. உங்களுக்கு எது வேணும்?" என்று சிரித்தார்.

"பெருமாளுக்குச் சொன்னது" என்றேன்.

ஜாதகத்தை எடுத்து வந்து வாசித்தார். வரதனுக்குப் பதினாலு முடிந்துவிட்டது. "குள்ளமா இருந்தான். கை எட்டவே இல்லை. ரெண்டு வருஷம் திருப்பி அனுப்பிச்சுட்டா" என்றார். நான் எழுதிக்கொள்வதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "சின்னப் பிள்ளைகளோட பந்தயத்துலதான் அவன் ஜெயிச்சுண்டிருக்கான். இதனால அவனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

அதற்கான பதிலை இன்னும் சொல்லவில்லை. ஜாதகத்தைக் காட்டாமலே இருந்திருக்கலாம் அவர். காட்டினார்.

புதன்கிழமை அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து நோட்டுகள் இருந்த டிரங்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பொய் வயசு கொடுத்தவர்னு கூடப் பிறந்த நீயே போய்ச் சொல்லப் போறியா? செத்தவரு எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா?"

"ஸ்டெல்லா கால் அண்ணி."

"ஸ்டெல்லாவை நான் ஓட விடமாட்டேன். போதுமா? ஊர்ப் பிள்ளைங்க காலெல்லாம் உன் கணக்கா? மூணு வருஷம் வெயில்ல வெந்தாரு ஆரோக்கியம். அந்த ஒரு பக்கத்துல அவரு பேரு வரட்டும். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேட்கல."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னை அறுத்தது. அன்று சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் இந்தப் பாவத்தில் என் பங்கைச் சொன்னேன். உங்கள் பங்கைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பேராசிரியர் வந்தார். நீங்கள் சொன்ன மாதிரியே மெலிந்த மனிதர், மெதுவான பேச்சு. அண்ணி காபி கொடுத்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து நோட்டுகளை எடுத்து வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். என் நோட்டு முந்தானைக்குள் இருந்தது. பேராசிரியர் உங்கள் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இது யாரு?"

"என் நாத்தனார்" என்றார் அண்ணி.

"ஒரு இடத்துலகூட அழிச்சு எழுதலயே அம்மா."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அழிக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காருங்க. ஆனா தப்பு இருக்கு. வயசு எழுதின கட்டம் பூரா தப்பு" என்று சொல்லி என் நோட்டை அவர் முன்னால் வைத்தேன்.

காது தொட்ட கதையைச் சொன்னேன். கை நீளத்தைக் காட்டினேன். ஞானஸ்நானத் தேதிகளையும் ஜாதகத்தையும் காட்டினேன். யார் வீட்டிலும் நடந்திருக்கக்கூடியது என்று பொதுவாகத்தான் சொன்னேன். நம் வீட்டைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் எனக்குத் தைரியம் இல்லாமல் போயிற்று.

அவர் என் நோட்டையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காபி ஆறிப்போனது. "மாஸ்டர் தன் மகளையும் இதுல சேர்த்திருக்காரே. அவளைக் கூப்பிடுங்க" என்றார்.

ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவர் அவள் காலைப் பார்த்தார்.

"உனக்கு எத்தனை வயசும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த உங்கள் நோட்டைப் பார்த்தாள்.

"பதினைஞ்சு சார். அப்பா எழுதினது சரிதான். நான்தான் சரியா உழைக்கல."

அண்ணி காபி டம்ளரை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்தார்.

"பதிமூணு சார்" என்றார். "பெத்தவ நான் சொல்றேன். பதிமூணு முடிஞ்சிருக்கு. ரெண்டைக் கூட்டிப் போட்டது அவங்கப்பா. அவளைக் கேட்காதீங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவ ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பேராசிரியர் கோபப்படவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வயதை மறுபடி எடுக்க வேண்டும், வேலை ஒரு வருஷம் தள்ளிப்போகும், பயிற்சியை இரட்டிப்பாக்குவதை அதுவரை நிறுத்தி வைக்கிறேன் என்றார். உங்கள் பெயரைப் பற்றி அவர் வாயெடுக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"போடலாம். ஆனா இந்தத் தப்பு எப்படி வந்ததுன்னும் கூடவே போடணும், அவர் வீட்டுல நடந்தது உட்பட. இல்லன்னா ரெண்டுமே வேண்டாம். நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் போன பிறகு நானும் அண்ணியும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவராகவே என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "அவரு பேரும் தப்பும் சேர்ந்தே வரட்டும். யாரோ எழுதறதுக்கு நீயே எழுது ஆரோக்கியம். அவரைப் பத்தி உனக்குத்தான் தெரியும். எழுதறதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது. நம்ம வீட்டுல நடந்ததுன்னு தெரிஞ்சாத்தான் மத்தவங்களும் வாயைத் திறப்பாங்க" என்றார். அதுதான் அண்ணே இந்தக் கடிதம்.

ஆகவே இதை வாசிக்கிற தாய்மார்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளை எந்த வயதில் காதைத் தொட்டது என்று எனக்கு வேண்டாம். எந்த நாளில் பிறந்தது என்று மட்டும் வந்து சொல்லுங்கள். பள்ளிக்கூட ரிஜிஸ்டரை நான் தொடப் போவதில்லை. பேராசிரியருக்கு அனுப்பும் நோட்டில்தான் எழுதுவேன். யாரும் கூச்சப்பட வேண்டாம். முதல் தப்பு எங்கள் வீட்டுத் தப்பு.

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. தலையைச் சாய்த்ததற்கு இல்லை, அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. பத்து வருஷம் கழித்து அவளைத் திட்டும்போது அந்தக் காலையை மறந்துவிட்டீர்களே, அதற்கு. நீங்கள் இருந்திருந்தால் நோட்டைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டு நீங்களே கோடு போட்டிருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தும் நீங்கள் இல்லையே.

பேராசிரியர் உங்கள் நோட்டுகளை எடுத்துப் போகும் முன் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கினேன். ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு உங்கள் பேனாவால் அந்தக் குறிப்பின் மேல் ஒரு கோடு போட்டேன். அழிக்கவில்லை. உழைப்பு போதாது என்பது கோட்டுக்கு அடியில் இன்னும் தெரிகிறது. பக்கத்தில் எழுதினேன்: வயது போதாது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். "இதை அப்பா ஒத்துக்குவாரா அத்தை?" என்று கேட்டாள். நான் உங்களுக்காக ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தப்பென்றால் என்னை மன்னியுங்கள்.

இப்போது அவள் ஓடுவதில்லை. காலையில் வெந்நீர் ஒத்தடம், சாயங்காலம் திண்டில் காலை நீட்டிச் செபம். முழந்தாளிடாத செபத்தையும் ஆண்டவர் கேட்பார் என்று சொல்லியிருக்கிறேன். மைதானத்துப் பக்கம் போனால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

உங்கள் ஸ்டாப் வாட்ச் என்னிடம்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை சாவி கொடுத்து ஓட விட்டு நிறுத்துகிறேன், துருப்பிடிக்காமல் இருக்க. ஞானஸ்நான ரிஜிஸ்டரில் உள்ள நாளின்படி ஸ்டெல்லாவுக்குப் பதினைந்து நிறைகிற அன்று, டாக்டர் சரி என்று சொன்னால், பூசை முடிந்ததும் அவளை மைதானத்துக்கு அழைத்துப் போவேன். நீங்கள் நிற்கும் இடத்தில் நான் நிற்பேன். அவள் ஓடும் நேரத்தை அவளுடைய சொந்த வயதுக்கு நேரே எழுதுவேன். எவ்வளவு ஆனாலும் குறிப்பு எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
அவள் மணிக்கட்டை உங்களோடு சேர்ந்து பிடித்த உங்கள் தங்கை
ஆரோக்கியம்